"செத்துப்போறேன்" என்று பிள்ளை சொன்னால்...

"நான் செத்துப்போயிடுறேன், அப்புறம் உங்களுக்கு நிம்மதிதானே!" ஆறு வயதுப் பிள்ளை இப்படிச் சொன்னால், "வாயை மூடு" என்று அதட்டுவோம், அல்லது "டி.வி. பார்த்துக் கெட்டுப்போச்சு" என்று சிரித்துவிடுவோம். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: இந்த வயதில் சாவைப் பற்றி என்ன தெரியும் என்ற நினைப்பு.

தெரிகிறது என்கின்றன ஆய்வுகள். அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவர் ஜோன் லூபியின் குழு, மனச்சோர்வுள்ள நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளை ஆராய்ந்தது. சாவது பற்றிப் பேசிய குழந்தைகளுக்கு, மற்றக் குழந்தைகளைவிட மரணம் பற்றிய புரிதல் கூடுதலாகவே இருந்தது என்று 2019-ல் அந்தக் குழு எழுதியது. கனடாவின் ஆய்வாளர் பிரையன் மிஷாரா ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் பேசினார். தற்கொலை என்றால் என்னவென்று அவர்களில் பலருக்குத் தெரிந்திருந்தது. டி.வி.யில் பார்த்தும், பெரியவர்கள் தங்களுக்குள் பேசியதைக் காதில் வாங்கியும் தெரிந்துகொண்டிருந்தார்கள். அவர்களை நேரில் உட்காரவைத்து இதுபற்றிப் பேசிய பெரியவர்கள் குறைவு.

சின்னப் பிள்ளைகளிடம் சோகமான முகத்தை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவோம். அமெரிக்காவில் தற்கொலையால் இறந்த சிறார்களைப் பற்றி 2016-ல் வெளியான ஆய்வில், மனநலப் பிரச்சினை இருந்ததாக அறியப்பட்டவர்களில் 12 முதல் 14 வயதினரிடம் மனச்சோர்வு அதிகம் தெரிந்தது. 5 முதல் 11 வயதினரிடமோ கவனக்குறைவும் மிகைத்துறுதுறுப்பும் கொண்ட ஏ.டி.எச்.டி. பாதிப்பு அதிகம் தெரிந்தது. வீட்டிலோ நண்பர்களோடோ ஏற்பட்ட சண்டை சச்சரவும் பலருக்கு இருந்தது. நாம் சேட்டை, பிடிவாதம், முன்கோபம் என்று தண்டிக்கிற குணத்துக்குள்ளேயே ஆபத்து ஒளிந்திருக்கலாம்.

தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தைப் புத்தியில் விதைத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். நியூயார்க் உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த ஆய்வில், தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டதால் அந்த எண்ணம் கூடவில்லை என்று 2005-ல் தெரிந்தது.

எனவே கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப்போகணும்னு நிஜமாவே தோணுதாடா கண்ணா? எப்பவெல்லாம் தோணுது?" என்று கேளுங்கள். அறிவுரை வேண்டாம்; சத்தியமும் வாங்க வேண்டாம். சொல்லி முடிக்கும்வரை காது கொடுங்கள். மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள். பிள்ளையைத் தனியாக விடாமல், குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். டெலி மானஸ் 14416, சைல்ட்லைன் 1098, தமிழக அரசின் 104 ஆகிய உதவி எண்களில் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். பிள்ளை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறது என்றால், நம்மை நம்பித்தான் சொல்லியிருக்கிறது. உதவி தேட அந்த ஒரு வார்த்தையே போதும்.