கன்டெய்னர் கதவில் ஒரு சி கணக்கு

காசிமேட்டைத் தாண்டி எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வரிசைகட்டி நின்றுவிட்டால், பின்னால் மாட்டிக்கொண்ட பைக்காரருக்குப் பார்ப்பதற்கு ஒன்றுதான் இருக்கும்: முன்னால் நிற்கும் கன்டெய்னரின் கதவு. அதன் மேல்பகுதியில் நான்கு ஆங்கில எழுத்துகள், ஆறு இலக்கங்கள், பிறகு சின்னக் கட்டம் போட்டு அதற்குள் தனியாக இன்னோர் இலக்கம். சென்னைத் துறைமுகத்துக்கு கன்டெய்னர் முனையம் 1983இல் வந்தது. எண்ணூரில் இப்போது காமராஜர் பெயரில் இருக்கும் துறைமுகம் 2001இல் வந்தது. பக்கத்திலேயே காட்டுப்பள்ளியும் சேர்ந்துகொண்டது. ஜீரோ கேட்டிலிருந்து மணலி, மீஞ்சூர் யார்டுகள் வரை இந்த எண்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் வளரும் பிள்ளைகளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பழகிய எண்கள் இவை.

அதே பிள்ளைகள் டிப்ளமோவோ பி.எஸ்சி.யோ சேர்ந்தால் சி மொழி காத்திருக்கும். லேப் நோட்டில் ஃபிபொனாச்சி வரிசை, பாலிண்ட்ரோம், நட்சத்திரக் குறியால் முக்கோணம், ஆம்ஸ்ட்ராங் எண். ஆம்ஸ்ட்ராங் எண்ணைக் கண்டுபிடித்து யார் என்ன செய்யப்போகிறார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. விடை தப்பாக வந்தாலும் குடி முழுகிவிடாது. அதனால் தப்பு எங்கே என்று துருவிப் பார்க்கும் பழக்கமும் வருவதில்லை. அதற்குப் பதிலாகக் கன்டெய்னர் எண் சரியா என்று பார்க்கும் ப்ரோக்ராம் ஒன்றை எழுதச் சொல்லலாம். முப்பது வரிக்குள் முடிந்துவிடும். சி மொழிக்குப் புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடங்களில் முக்கால்வாசி அந்த முப்பது வரிக்குள்ளேயே இருக்கின்றன. விடை சரியா என்று வாத்தியாரைக் கேட்கவும் வேண்டாம், கதவிலேயே எழுதியிருக்கிறது.

முதல் மூன்று எழுத்துகள் பெட்டிக்குச் சொந்தக்காரர் யார் என்பதைச் சொல்பவை. 1933இல் தொடங்கி பாரிஸிலிருந்து இயங்கும் பி.ஐ.சி. என்ற அமைப்பு அவற்றைப் பதிவுசெய்து தருகிறது. நான்காவது எழுத்து, கன்டெய்னர் என்றால் யு. அடுத்த ஆறும் வரிசை எண். ஐ.எஸ்.ஓ. 6346 என்ற தரத்தின்படி இந்தப் பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால் ஒற்றை இலக்கம் ஒன்று கிடைக்கும். கட்டத்துக்குள் இருப்பது அதுதான், சரிபார்ப்பு இலக்கம். கேட்டில் இருக்கும் கேமராவோ, சீட்டில் எழுதிக்கொள்ளும் சர்வேயரோ ஓர் இலக்கத்தை மாற்றிப் படித்துவிட்டால் அது பொருந்தாமல் போய்க் காட்டிக்கொடுத்துவிடும்.

கணக்கு இப்படிப் போகும். ஏ என்ற எழுத்துக்கு மதிப்பு 10. அப்படியானால் பி 11 என்றுதான் யாருக்கும் தோன்றும். இல்லை, 12. 11, 22, 33 மூன்றையும் விட்டுவிட்டு எண்ணுகிறார்கள். ஆகவே கே 21, எல் 23, யு 32, வி 34, இசட் 38. பத்து இடங்களுக்கும் இடப்பக்கத்திலிருந்து 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும் பெருக்கெண்கள். பத்தாவது இடத்துக்கு 512. ஒவ்வொரு மதிப்பையும் அதனதன் பெருக்கெண்ணால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் விடை. மீதி 10 வந்தால் 0 என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

சி எஸ் கியூ யு 305438 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். எழுத்துகளுக்கு 13, 60, 112, 256; சேர்த்தால் 441. இலக்கங்களுக்கு 48, 0, 320, 512, 768, 4096, சேர்த்தால் 5744. மொத்தம் 6185. அதை 11ஆல் வகுத்தால் 562 முறை போக மீதி 3. கதவில் கட்டத்துக்குள் 3 இருக்க வேண்டும்.

ஏன் இரட்டிப்பு, ஏன் 11? 1, 2, 4, 8, 16 என்று 512 வரை எழுதி, ஒவ்வொன்றையும் 11ஆல் வகுத்து மீதியை மட்டும் பாருங்கள்: 1, 2, 4, 8, 5, 10, 9, 7, 3, 6. பத்தும் வெவ்வேறு, ஒன்றுகூடப் பூஜ்யம் இல்லை. பத்து இடங்களுக்குப் பத்து மீதிகள், கச்சிதமாகப் பங்கிட்டது போல. அதனால் ஓர் இலக்கம் மாறினாலும் கூட்டலின் மீதி மாறிவிடும். வேறுபட்ட இரண்டு இலக்கங்கள் எந்த இடங்களில் இருந்து தங்களுக்குள் இடம் மாறினாலும் மாறிவிடும். 305438ஐ 304538 என்று எழுதிவிட்டால் 3க்குப் பதில் 1 வரும். எழுத்து மதிப்பில் 11இன் மடங்குகளை ஏன் ஒதுக்கினார்கள் என்பதும் இப்போது புரியும். 11ஆல் வகுத்தால் அவற்றுக்கு மீதியே கிடையாது. அந்த எழுத்து இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடும்.

இனி ப்ரோக்ராம். சி லேபில் அதிகம் காதில் விழும் வாக்கியம், “சார், எர்ரர் ஒண்ணும் வரல, ஆனா அவுட்புட் தப்பா வருது” என்பது. சி போன்ற மொழியில் கம்பைலர் முழு ப்ரோக்ராமையும் ஒரே தடவையில் இயந்திர மொழிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதன் வேலை பத்திர எழுத்தரின் வேலை: வாசகம் முறைப்படி இருக்கிறதா என்றுதான் பார்க்கும், நிலம் உங்களுடையதா என்று கேட்காது. ஓடும்போது கூடவே இருந்து கண்காணிக்க ஆள் கிடையாது. பைத்தான் மொழியில் அந்த ஆள் உண்டு, இன்டர்ப்ரெட்டர் என்று பெயர். அவர் பெயரில் நேரமும் நினைவகமும் செலவாகும். 1972 வாக்கில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கியபோது அந்தச் செலவுக்கு இடமே இல்லை. பைத்தானின் முதன்மையான இன்டர்ப்ரெட்டரே சி மொழியில் எழுதப்பட்டதுதான் என்பது வேறு விஷயம்.

பெருக்கெண்ணிலேயே முதல் சறுக்கல் வரும். இரண்டின் அடுக்குகள் வேண்டும் என்றதும், இடங்களை 0இலிருந்து எண்ணி, கணிதப் பழக்கத்தில் 2 ^ இடம் என்று எழுதிவிடுவார்கள். சி மொழியில் அந்தக் குறிக்கு அடுக்கு என்ற பொருளே கிடையாது. இரண்டு எண்களையும் இரும எண்ணாக வைத்து, பிட்டுகள் வேறுபடும் இடத்தில் மட்டும் 1 போடும் எக்ஸ்-ஆர் அது. 2 என்பது 0010, 9 என்பது 1001. ஆகவே 2 ^ 9 என்றால் 1011, அதாவது 11. 512 வரவேண்டிய இடத்தில் 11! வேறு எந்த எண் வந்திருந்தாலும் பரவாயில்லை. 11ஆல் பெருக்கியதை 11ஆல் வகுத்தால் மீதி எப்போதும் பூஜ்யம். வரிசை எண்ணின் கடைசி இலக்கத்தை 8 என்று கொடுத்தாலும் 2 என்று கொடுத்தாலும் விடை ஒன்றாகவே இருக்கும். மூன்றாவது எழுத்துக்கும் அதே கதிதான். 2 ^ 2 என்றால் 0. நம் உதாரணத்துக்கு 3 வராமல் 5 வரும். கம்பைலர் மூச்சு விடாது. 2 ^ 9 என்று எண்களையே நேரடியாக எழுதினால் ஜி.சி.சி., கிளாங் ஆகிய கம்பைலர்களின் புதிய பதிப்புகள் எச்சரிக்கும், மாறியை வைத்து எழுதினால் அவையும் பேசாது. அடுக்கே வேண்டாம் என்பதுதான் நல்ல வழி. பெருக்கெண்ணை 1இல் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டால் பெருக்கிக்கொண்டு போனால் போதும்.

எழுத்தின் மதிப்புக்கு வருவோம். சி மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் காணாமல் போய்விடும். 5/9 என்றால் 0. ஃபாரன்ஹீட்டை செல்சியஸ் ஆக்கும் லேப் கணக்கில் சித்திரை வெயிலிலும் 0 டிகிரி காட்டுவது இதனால்தான். இதை ஒரு குறை என்றே பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கிறோம். ஏ-யை 0, பி-யை 1 என்று இசட்டுக்கு 25 வரை எண்ணிட்டு, அந்த எண்ணோடு 10ஐக் கூட்டி, அதே எண்ணுடன் 9 கூட்டி 10ஆல் வகுத்ததையும் சேர்த்துப் பாருங்கள். ஏ-க்கு 9/10, அதாவது 0, மதிப்பு 10. பி-க்கு 10/10, அதாவது 1, மதிப்பு 12. கே-க்கு 19/10, இன்னமும் 1தான், மதிப்பு 21. எல்-லுக்கு 20/10, அதாவது 2, மதிப்பு 23. பின்னத்தைத் தூக்கிப்போடும் அந்தக் குணமே 11, 22, 33ஐத் தாண்டிக் குதிக்கிறது. இருபத்தாறு மதிப்புகளையும் ஒரு பட்டியலாகவே எழுதி வைத்தாலும் தப்பில்லை. ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கு அதுதான் சீக்கிரம் புரியும். நான் பட்டியல் கட்சி.

எண்ணை உள்ளே வாங்கும் இடத்தில்தான் சி மொழியின் சுபாவம் முழுதாகத் தெரியும். பெட்டி எண் பதினோரு குறிகள், எனவே பதினோரு இடம் ஒதுக்கினால் போதும் என்று தோன்றும். சரத்தின் முடிவைக் காட்ட கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஜ்யத்தையும் சி மொழி வைக்கும் என்பதால் பன்னிரண்டு வேண்டும். பதினொன்றே கொடுத்தால் அந்தப் பூஜ்யம் பக்கத்து மாறியின் இடத்தில் போய் உட்காரும். ஒரு கணினியில் ஒன்றும் ஆகாது, இன்னொன்றில் விடை கோணலாகும். கதவில் இருப்பதுபோல இடைவெளி விட்டுத் தட்டினால், உள்ளீட்டை வாங்கும் ஸ்கேன்எஃப் கட்டளை முதல் இடைவெளியிலேயே நின்று நான்கு எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதைச் சமாளிக்க கெட்ஸ் என்ற பழைய கட்டளையைப் பலரும் சொல்லித்தருவார்கள். எவ்வளவு இடம் இருக்கிறது என்றே கேட்காமல் வந்ததையெல்லாம் கொட்டும் கட்டளை அது. 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய மோரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்று அந்த கெட்ஸ்தான். 2011இல் வந்த சி தரத்தில் அதை நீக்கியேவிட்டார்கள். எஃப்கெட்ஸ் என்று எழுதி, இடத்தின் அளவையும் சொல்லிவிடுவதே பிழைக்கும் வழி.

ஒப்பிடும் இடத்தில் == போடாமல் = போட்டுவிடுவது எல்லாருக்கும் தெரிந்த கதை. விளைவு இங்கே வேடிக்கையாக இருக்கும்: கணக்கு விடை பூஜ்யமாக இல்லாத வரை எல்லாப் பெட்டிக்கும் “சரி”, பூஜ்யம் வந்தால் சரியான பெட்டிக்கும் “தவறு”. ஜி.சி.சி.யில் கம்பைல் செய்யும்போது எச்சரிக்கைகளை எல்லாம் காட்டு என்று ‘வால்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால் இதைப் பிடித்துவிடலாம். அதைச் சேர்க்காமல் யாரையும் சி பழக விடக்கூடாது என்பது என் கட்சி.

எண்ணோடு நிற்காமல் எடைக்கும் ஒரு ப்ரோக்ராம் எழுதலாம். 2007இல் சேதமடைந்த எம்.எஸ்.சி. நாப்போலி கப்பலின் மேல்தளத்தில் நனையாமல் இருந்த பெட்டிகளை எடைபோட்டபோது, ஐந்தில் ஒன்று அறிவித்த எடையிலிருந்து 3 டன்னுக்கு மேல் விலகியிருந்தது. இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகு, எடையைச் சரிபார்த்துச் சொல்லாத பெட்டியைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்ற சர்வதேச விதி 2016 ஜூலை 1இல் வந்தது. ஆகவே கிலோக்களைக் கூட்டுவது இந்தச் சாலையில் அன்றாட வேலை. அந்தக் கூட்டலிலும் ஒரு சறுக்கல் காத்திருக்கிறது.

நம் கல்லூரிகளில் ஒரு தலைமுறை முழுக்க, அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பாலகுருசாமியின் புத்தகத்தைப் பிரித்துவைத்து, டர்போ சியின் நீலத் திரையில்தான் சி பழகியது. போர்லேண்ட் நிறுவனம் 1987இல் வெளியிட்ட டாஸ் காலத்துக் கம்பைலர் அது. அதில் முழு எண்ணை வைக்கும் இன்ட் வகைக்கு 16 பிட், உச்சம் 32,767. கன்டெய்னர் கதவில் மொத்த எடையின் உச்சவரம்பு எழுதியிருக்கும்: பழைய பெட்டிகளில் 30,480 கிலோ, இப்போது ஓடும் பலவற்றில் 32,500. இரண்டுமே மயிரிழையில் உள்ளே அடங்கிவிடுகின்றன. ஒரு பெட்டியை வைத்துச் சோதித்தால் ப்ரோக்ராம் ஜோராக ஓடும். ஒரே டிரெய்லரில் 18,000 கிலோவில் ஓர் இருபதடிப் பெட்டியும் 17,500 கிலோவில் இன்னொன்றும் ஏற்றுங்கள். 35,500 வரவேண்டிய இடத்தில் −30,036 வரும். ஐ.எஸ்.ஓ. உச்சவரம்பை 36,000 கிலோவாக உயர்த்திய பிறகு ஒற்றைப் பெட்டியே போதும். இன்றைய லேப்டாப்பில் இன்ட் 32 பிட் என்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பிள்ளைகள் ப்ராஜெக்டுக்கு வாங்கும் ஆர்டுயினோ யூனோ ஆர்3 போர்டில் இன்ட் இன்னமும் 16 பிட்தான். அங்கே இன்ட்டுக்குப் பதில் லாங் என்று போட வேண்டும்.

கடைசியாக அந்த 10. மீதி 10 வந்தால் 0 ஆக்க வேண்டும் என்ற வரியை மறந்துவிட்டாலும் ப்ரோக்ராம் பெரும்பாலான பெட்டிகளுக்குச் சரியான விடையே தரும். 10க்கும் 0க்கும் ஒரே குறி என்பதால் சில பிழைகள் அந்தச் சந்தில் நழுவிவிடக்கூடும். அதனால் மீதி 10 வரும் வரிசை எண்களைத் தவிர்க்கும்படி தரமே பரிந்துரைக்கிறது. விளைவு என்னவென்றால், சாலையோரம் நின்று எத்தனை பெட்டிகளின் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து சோதித்தாலும் இந்தப் பிழை கண்ணில் படாமலே போகலாம். அதற்கென்றே ஓர் எண்ணை நாமாகத் தயாரிக்க வேண்டும். நம் உதாரணத்தின் கடைசி இரண்டு இலக்கங்களை மாற்றிப்போட்டு சி எஸ் கியூ யு 305483 என்று கொடுங்கள். கூட்டல் 4905. திரையில் 0 வரவேண்டும். 10 வந்தால் இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கிறது.