"இப்பொழுது" என்றால் "முன்பு"!

ருமேனியாவின் தலைநகரம் புகாரெஸ்ட். அங்குள்ள பெரிய ரயில் நிலையம் "கார தெ நோர்ட்".

வெளிநாட்டுக்காரர் ஒருவர் மூட்டை முடிச்சோடு அங்கே ஓடி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ரயில் எப்போது?" என்று கேட்கிறார். "அக்கும் தொவ ஓரெ" என்று பதில் வருகிறது.

"அக்கும்" என்றால் "இப்பொழுது". "தொவ ஓரெ" என்றால் "இரண்டு மணி நேரம்". அப்பாடா, இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது என்று பெட்டி மேல் உட்கார்ந்தால், போச்சு! ரயில் போய் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது!

கால அளவுக்கு முன்னால் வந்தால், "அக்கும்" என்பது "முன்பு" ஆகிவிடும். இனிமேல்தான் ரயில் என்றால், "பெஸ்தெ தொவ ஓரெ" என்பார்கள்.

வினைச் சொல்லையும் கவனிக்க வேண்டும். "ப்ளெயாக்க" என்றால் புறப்படுகிறது. "அ ப்ளெக்காட்" என்றால் புறப்பட்டுவிட்டது. முன்னால் நிற்கும் அந்தக் குட்டி "அ" காதில் விழாவிட்டால் ஆபத்துதான்!

"ட்ரென்" என்றால் ரயில். குறிப்பிட்ட ரயில் என்றால் வாலில் "உல்" ஒட்டிக்கொள்ளும்: "ட்ரெனுல்". லத்தீன் வழி வந்த பிரெஞ்சும் இத்தாலியனும் இதற்கான சொல்லை முன்னால் வைக்கும்.

மணி சொல்வதும் வேடிக்கை. ஏழே முக்காலை, "எட்டு, கால் குறைய" என்பார்கள். ரயில் அட்டவணையில் இந்தக் கழித்தல் கணக்கு கிடையாது. அங்கே 24 மணிக் கணக்கு. இரவு ஏழே முக்கால் என்றால் 19.45.