வலைவழித் தொடக்கமும் அதன் காவலும்

கணினியை இயக்குவோர், திரையில் வழக்கமான காட்சி தோன்றுமுன் கழியும் சில விநாடிகளைப் பொருட்படுத்துவதில்லை. தன்னை ஆளப்போகும் மென்பொருளைக் கணினி தேடிப் பெறுவது அவ்விநாடிகளிலேயே. பெரும்பாலான கணினிகள் அதனைத் தம் வன்தட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆயின், நூற்றுக்கணக்கான கணினிகளை ஒருசேரப் பேணவேண்டிய பல்கலைக்கழகங்களிலும் தரவு நிலையங்களிலும் ஒவ்வொன்றிலும் தனித்தனியே மென்பொருளை நிறுவுதல் பெருஞ் சுமையாகும். ஆகவே அதனை வலையமைப்பின் வழியே பெற்றுத் தொடங்கும் முறை அங்குக் கையாளப்படுகின்றது. பீ.எக்ஸ்.ஈ. எனப்படும் இம்முறைக்கு இன்ரெல் நிறுவனம் வகுத்த விதிகளின் 2.1 ஆம் பதிப்பு 1999 இல் வெளிவந்தது.

இம்முறை தொழிற்படுமாறு வருமாறு: இயக்கப்பட்ட கணினி, தன் வலை முகவரியைத் தானே அறியாத நிலையில், "எனக்கு முகவரி தருவார் யார்? தொடக்கக் கோப்பு எங்குளது?" என வலையமைப்பு முழுவதையும் நோக்கி வினவும். டீ.எச்.சீ.பீ. என்னும் நெறிமுறைப்படி ஒரு சேவையகம் விடையிறுக்கும். அவ்விடை சுட்டிய இடத்திலிருந்து ரீ.எவ்.ரீ.பீ. என்னும் நெறிமுறைவழியே கோப்பு வந்துசேரும். கணினி அதனை நினைவகத்தில் ஏற்றி, ஆட்சியை அதனிடம் ஒப்படைக்கும்.

இதன்கண் உள்ள குறை யாதெனின், விடையிறுத்தவர் யாரென்பதைக் கணினி ஆராய்வதில்லை என்பதே. பொய்ச் சேவையகம் ஒன்று உண்மைச் சேவையகத்தை முந்திக்கொள்ளின், கணினி அதனையே நம்பிவிடக்கூடும். ரீ.எவ்.ரீ.பீ. நெறிமுறையிற் கடவுச்சொல்லும் இல்லை, மறைகுறியீடும் இல்லை. 1980களின் தொடக்கத்தில் அதனை வகுத்தோர் எளிமையொன்றையே வேண்டினர். அவர்களைக் குறைகூறுதல் தகாது. பணிசெயல் முறைமை எழுமுன்னரே யாவும் நிகழ்தலின், நச்சுநிரல் தடுப்பு மென்பொருள்களும் இங்கு உதவமாட்டா.

இதற்குப் பரிகாரமாக எழுந்ததே பாதுகாப்புத் தொடக்கம் என்னும் ஏற்பாடு. விண்டோஸ் 8 வெளிவந்த 2012 ஆம் ஆண்டுதொட்டு அது பரவலாயிற்று. நம்பத்தக்க மின்னொப்பம் இல்லாத தொடக்கக் கோப்பைக் கணினி இயக்க மறுத்தலே அதன் சாரம். நல்ல ஏற்பாடே, ஆயினும் அதன் எல்லை நுணுகி நோக்கத்தக்கது. ஒப்பத்தைச் சோதிக்குமுன் கோப்பு வந்துசேரல் வேண்டும். கோப்பு வருமுன், வலையமைப்பிலிருந்து வரும் செய்திகளைக் கணினியின் நிலைபொருள் வாசித்தல் வேண்டும். வாசிக்கும் அப்பகுதியிலேயே பிழையிருப்பின், ஒப்பச் சோதனைக்கு முன்பே பகைவன் உட்புகலாம். முத்திரை பார்க்குங் காவலன் உள்வாயிலில் நிற்க, புறவாயில் தாழின்றிக் கிடத்தல் போல்வது இது.

இஃது வெறும் ஊகமன்று. பிரான்சு நாட்டுக் குவார்க்ஸ்லாப் நிறுவனத்து ஆய்வாளர், ஈ.டீ.கே. 2 என்னும் நிலைபொருளின் வலைப்பகுதியில் ஒன்பது பிழைகளைக் கண்டு, 2024 சனவரியில் 'பிக்சிபெயில்' என்னும் பெயரால் வெளியிட்டனர். வரும் செய்தி ஒதுக்கிய இடத்தினும் நீண்டதாயின் அது அயலிடத்தை அழித்தெழுதும் வகையிலமைந்தவை அவற்றுட் சில. பல நிறுவனங்களின் நிலைபொருள்கள் ஈ.டீ.கே. 2 ஐ அடியாகக் கொண்டவை. ஆதலின் ஓரிடத்துப் பிழை பலவிடத்தும் பரவிற்று.

லினக்ஸ் முறைமைகள் பாதுகாப்புத் தொடக்கத்தோடு இயங்குதற்கு இடைநின்று உதவுவது 'ஷிம்' என்னுஞ் சிறு மென்பொருள். மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ஒப்பம் பெற்றது. கோப்பை எச்.ரீ.ரீ.பீ. வழியாகப் பெறுங்கால், சேவையகம் கூறிய அளவின்படி அது நினைவகத்தில் இடம் ஒதுக்கிற்று; உண்மையில் வந்த அளவின்படி எழுதிற்று. சிறிய அளவைக் கூறிப் பெரிய கோப்பை அனுப்பும் வஞ்சகனுக்கு இதுவே போதும். இப்பிழை அதே 2024 சனவரியில், 15.8 ஆம் பதிப்பில், திருத்தப்பட்டது.

காவல் முறைகளுள் முதலாவது, வலைவழித் தொடக்கம் வேண்டாத கணினிகளில் அதனை அடைத்துவிடுதல். செலவற்ற இதுவே பெரிதும் புறக்கணிக்கப்படுவதும் ஆகும். வேண்டிய இடங்களில் அதற்கெனத் தனி வலைப்பிரிவு அமைத்து, முகவரி வழங்கும் விடைகள் உரிய சேவையகம் இணைந்த வாயிலிலிருந்து மாத்திரமே வருமாறு வலை ஆளியிற் கட்டுப்படுத்தலாம். கோப்பை மறைகுறியீட்டுடன் கூடிய எச்.ரீ.ரீ.பீ.எஸ். வழியாகப் பெறுதலும் நன்று. ஆனால் பிக்சிபெயில் பிழைகளுட் சில முகவரி கேட்கும் நிலையிலேயே உள்ளமையால், அவற்றுக்கு அதுவும் மருந்தாகாது. நிலைபொருளைப் புதுப்பித்தலே வழி.

புதுப்பித்தலோடும் வேலை முடிவதில்லை. பிழையுள்ள பழைய ஷிம்மும் செல்லுபடியாகும் ஒப்பம் உடையது. பகைவன் அதனையே கொணர்ந்து இயக்கலாம். ஆகவே பழைய பதிப்புகளின் தகுதியை நீக்குதலும் வேண்டும். இப்பணி கூர்ங்கத்தியைக் கையாளுதல் ஒத்தது. 2024 ஓகத்தில் மைக்ரோசொப்ட் அனுப்பிய புதுப்பிப்பொன்று பழைய ஷிம் பதிப்புகளைத் தள்ளுபடி செய்தபோது, விண்டோசும் லினக்சும் ஒருங்கே நிறுவப்பட்டிருந்த கணினிகள் சிலவற்றில் லினக்ஸ் தொடங்க மறுத்தது. ஆகையால் நிருவாகிகள் முதலிற் சேவையகத்திலுள்ள தொடக்கக் கோப்புகளையும், அலுமாரியிற் கிடக்கும் நிறுவல் தட்டுகளையும் புதியனவாக மாற்றி, அதன் பின்னரே பழையவற்றின் தகுதியை நீக்குவர்.