விண்ணப்பமும் உழைப்பும்: திறந்த மூல விளையாட்டு நிரலாக்கத்தில் மாணவரின் நுழைவு – ஒரு சமூகவியல் நோக்கு

1

இலக்கிய வடிவங்களைப் போன்று விண்ணப்பமும் ஒரு வடிவமாகும். அது யாரால், யாருக்கு, எத்தகைய சமூக உறவின் அடிப்படையில் எழுதப்படுகின்றது என்பதைப் பொறுத்தே அதன் உள்ளடக்கமும் நடையும் அமைகின்றன. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் அரசாங்க உத்தியோகம் வேண்டி எழுதப்பட்ட மனுக்களிலே பணிவும் சான்றிதழும் முதன்மை பெற்றிருந்தன. கணினி விளையாட்டொன்றின் ஆக்கத்திலே பங்குகொள்ள விரும்பும் பல்கலைக்கழக மாணவர், கோடைகாலப் பயிற்சித் திட்டமொன்றுக்கு இன்று அனுப்பும் விண்ணப்பம் அம்மனுவினின்றும் பெரிதும் வேறுபட்டது. இங்கு முதன்மையாகக் கேட்கப்படுவது சான்றிதழன்று. ஏற்கெனவே செய்துகாட்டிய வேலையாகும். இவ்வேறுபாட்டின் சமூகப் பொருள் யாது, அதனால் நன்மை பெறுவோர் யாவர், நமது மாணவர் அதனை எவ்வாறு அணுகுதல் வேண்டும் என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் குறிக்கோளாகும்.

2

கணினி நிரல் தொடக்கத்திலிருந்தே விலைப்பண்டமாக இருந்ததில்லை. ஆய்வுகூடங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் அது கணினியுடன் சேர்ந்து வந்த பொதுப் பொருளாகவே பெரும்பாலும் கையாளப்பட்டது. பண்டமாக மாறும் அக்கட்டத்தின் அடையாளமாக, 1976 ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் பில் கேற்ஸ் கணினி ஆர்வலருக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தைக் கொள்ளலாம். நிரலை விலைகொடாது படியெடுப்பதை அக்கடிதம் திருட்டாகக் கண்டித்தது. இதற்கு எதிர்நிலையில், 1983 இல் ரிச்சர்ட் ஸ்ரோல்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். 1989 இல் வெளிவந்த குனூ பொது உரிமம், நிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், பரப்பலாம். ஆயின் மாற்றியதைப் பரப்பும்போது அதனையும் அதே உரிமையுடன் வழங்குதல் வேண்டும் என விதித்தது. உடைமைச் சட்டத்தைக் கொண்டே உடைமையாக்கத்தைத் தடுக்கும் முயற்சி இது. 1991 இல் தோன்றிய லினக்ஸ் இவ்வுரிமத்தின் கீழ் வளர்ந்தது. 1998 இல் ‘திறந்த மூலம்’ என்னும் பெயர் முன்வைக்கப்பட்டபோது, வணிக நிறுவனங்களுக்கு உவப்பான முறையில் இவ்வியக்கத்தின் சுதந்திரக் குரல் தணிக்கப்பட்டது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இப்பின்னணியிலேயே 2005 ஆம் ஆண்டு கூகிள் நிறுவனம் ‘சமர் ஒஃப் கோட்’ எனும் திட்டத்தை ஆரம்பித்தது. திறந்த மூல அமைப்புகள் தம் வழிகாட்டிகளை முன்னிறுத்தும். மாணவர் ஒரு திட்டத்தை முன்மொழிவர். தெரிவானவர் கோடை விடுமுறையில் நிரல் எழுதுவர். கூகிள் உதவித்தொகை வழங்கும். முதலாண்டில் மாணவருக்கு 4,500 டொலரும் வழிகாட்டும் அமைப்புக்கு 500 டொலரும் வழங்கப்பட்டன. 8,700 இற்கு மேற்பட்ட முன்மொழிவுகள் வந்தன; ஏற்கப்பட்டவை 400 இற்குச் சற்று அதிகமானவையே. 2022 முதல் மாணவரல்லாத, பதினெட்டு வயது நிறைந்த புதியோரும் விண்ணப்பிக்கலாமென விதி தளர்த்தப்பட்டது.

3

இத்திட்டத்திலே பங்குபற்றிய அமைப்புகளுள் விளையாட்டு ஆக்கத்தில் ஈடுபட்டவை தனித்து நோக்கத்தக்கன. விளையாட்டென்பது கதை, ஓவியம், இசை, கணிதம் ஆகியவற்றின் கூட்டாக்கம். செக்கனுக்கு அறுபது படங்களைத் திரையிலே காட்டவேண்டுமாயின், ஒவ்வொரு படத்துக்கும் உரிய கணிப்புகள் யாவும் ஏறத்தாழ 16 மில்லிசெக்கனுள் முடிவடைதல் வேண்டும். ஆடுபவரின் கைவிரலசைவைப் பெறுதல், விளையாட்டுலகின் நிலையை மாற்றுதல், மாறிய நிலையை வரைதல் என்னும் சுழற்சி இடையறாது நிகழ்கின்றது. இச்சுழற்சியின் ஓரிடத்திலே செய்யப்படும் சிறு பிழை முழு அனுபவத்தையும் குலைத்துவிடும். ஆகவே விளையாட்டு நிரலாக்கம் பயில்பவருக்குக் கடுமையான கல்விக்கூடமாக அமைகின்றது.

ஸ்கம்வீஎம் எனும் திட்டம் இங்கு சிறந்த எடுத்துக்காட்டாகும். 2001 இல் ஆரம்பிக்கப்பட்ட இது, லூக்காஸ் நிறுவனத்தின் பழைய சாகச விளையாட்டுக்களை இன்றைய கணினிகளிலும் இயங்கச் செய்யும் நோக்கில் தோன்றியது. அவ்விளையாட்டுக்கள் எக்கணினிகளுக்காக ஆக்கப்பட்டனவோ அவை வழக்கொழிந்தன. மூல நிரலோ பொதுமக்களுக்குக் கிடைத்ததில்லை. எனவே விளையாட்டின் படம், ஒலி, உரையாடல் ஆகிய தரவுகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றை இயக்கும் பொறியை மாத்திரம் புதிதாக எழுதுகின்றனர். பழைய பொறி எவ்வாறு இயங்கியது என்பதை அதன் எச்சங்களிலிருந்து உய்த்துணர்ந்து மீளமைக்கவேண்டியுள்ளது. செல்லரித்த ஏடுகளை ஒப்புநோக்கி 1887 இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையின் பணியோடு இது முறையியல் ரீதியில் ஒப்புமையுடையது. இரண்டிலும், அழியவிருந்த பனுவல் பொதுச் சொத்தாகின்றது. இரண்டிலும், ஊகத்தைச் சான்றுகொண்டு சரிபார்க்கும் பொறுமை வேண்டப்படுகின்றது. இத்தகைய பொறிகளை ஆக்குவதில் கோடைகால மாணவர் பலர் பங்குகொண்டுள்ளனர்.

2003 இல் தோன்றிய ‘பற்றில் ஃபோர் வெஸ்னோத்’ எனும் போர்த்தந்திர விளையாட்டு வேறொரு வகையினது. அதன் களங்களும் கதைகளும் நிரலாளரல்லாதோரும் கற்கத்தக்க எளிய குறிமொழியொன்றில் எழுதப்பட்டுள்ளன. இதனால் ஆடுபவர் படிப்படியாக ஆக்குபவராக மாறும் வழி திறக்கின்றது. ஆர்ஜன்ரீனாவில் இருவரால் உருவாக்கப்பட்டு 2014 இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்ட கொடோ எனும் விளையாட்டுப் பொறி, வளர்முக நாடொன்றிலிருந்தும் உலகப் பயன்பாட்டுக்குரிய கருவி தோன்றலாம் என்பதை நிறுவியது.

4

இனி விண்ணப்பத்தை நோக்குவோம். அதன் உறுப்புக்கள் பெரும்பாலும் ஐந்து: விண்ணப்பதாரர் யார், எதனைச் செய்யப்போகின்றார், எவ்வழியிற் செய்வார், வாரந்தோறும் எவ்வளவு முடிப்பார், இதுவரை அத்திட்டத்துக்கு என்ன செய்துள்ளார். இறுதி வினாவே தீர்க்கமானது. விண்ணப்பத்துக்கு முன்னரே அமைப்பின் நிரலைப் படித்து, அதிலுள்ள சிறு பிழையொன்றைத் திருத்தி, அத்திருத்தத்தை அனுப்பியிருத்தல் வேண்டுமெனப் பல அமைப்புகள் கோருகின்றன.

இச்சிறு திருத்தம் தோற்றத்தில் அற்பமானது; சில வரிகளே இருக்கலாம். ஆயின் அதனைச் செய்வதற்கு முன் நிரலைத் தன் கணினியிலே தொகுத்து இயக்கவேண்டும். பிழை மீண்டும் தோன்றும் நிலைமையைக் கண்டறியவேண்டும். பிறர் எழுதிய பல்லாயிரம் வரிகளிடையே அதன் காரணத்தைத் தேடவேண்டும். அனுப்பிய பின்னர் அது பகிரங்கமாக விமர்சிக்கப்படும். மாணவர் மறுமொழி கூறித் திருத்தி மீண்டும் அனுப்புவார். நமது பரீட்சை முறையிலே மாணவர் தனித்து எழுதுகின்றார். மதிப்பீடு மறைவாக நிகழ்கின்றது. விடைத்தாள் எவருக்கும் பயன்படாது ஒழிகின்றது. இங்கோ மதிப்பீடு வெளிப்படையானது. மதிப்பிடப்படும் வேலை ஏற்கப்படுமாயின் பலருக்குப் பயன்படுகின்றது. அறிவை நடைமுறையிலே சோதிக்கும் இம்முறை கல்வியியல் நோக்கிலே முற்போக்கானது என்பதில் ஐயமில்லை.

தோல்வியுறும் விண்ணப்பங்களின் இயல்பும் இதிலிருந்து தெளிவாகும. சிறுவயது முதல் விளையாட்டுக்களில் உள்ள ஈடுபாட்டை விரித்துரைப்பது ஒரு வகை. அது நுகர்வோனின் வாக்குமூலமேயன்றி ஆக்குவோனின் கூற்றன்று. பன்னிரண்டு வாரங்களில் முப்பரிமாணப் பொறியொன்றை முழுமையாக ஆக்குவதாக வாக்களிப்பது இன்னொரு வகை; அது உழைப்பின் அளவை அறியாமையைக் காட்டுகின்றது. அண்மையாண்டுகளில், செயற்கை நுண்ணறிவு எழுதித்தரும் விண்ணப்பங்கள் மூன்றாவது வகையாகப் பெருகியுள்ளன. அவை மொழியிலே பழுதற்றவை. ஆனால் குறித்த நிரலோடு எவ்வித உறவுமற்றவை. சிறப்பான விண்ணப்பமோ ஒரு சிறு செயலைத் தெரிந்து, அது நிரலின் எப்பகுதியைத் தொடும், எங்கே இடர்ப்பாடு எழும், காலம் போதாவிடின் எதனைக் கைவிடலாம் என்பவற்றைக் கூறும். இங்கு நடையழகு உண்மையறிவின் விளைவாகவே தோன்றுகின்றது.

5

இம்முறையை மதிப்பிடுவதில் இருவகை ஒருதலைப்பட்ச நோக்குகள் உள. திறமை ஒன்றே அளவுகோலாகிய கொடைப் பொருளாதாரம் இதுவெனச் சிலர் போற்றுவர். கூலியின்றி உழைப்பைப் பெறும் முதலாளித்துவத்தின் தந்திரமே இதுவென வேறு சிலர் தள்ளிவிடுவர். இரண்டும் இயங்கியல் பார்வையற்றவை.

வலைப்பின்னற் பண்பாட்டிலே ஊதியமற்ற உழைப்பு வகிக்கும் இடத்தை ரிசியானா ரெறனோவா 2000 ஆம் ஆண்டில் ஆராய்ந்தார். விளையாட்டுத் துறையில் ஆட்டமும் உழைப்பும் ஒன்றோடொன்று கலப்பதை யூலியன் கூக்லிச் 2005 இல் விளக்கினார். அவ்வாய்வுகளின் ஒளியிலே பார்க்குமிடத்து, தெரிவாகாத விண்ணப்பதாரரின் ஏற்கப்பட்ட திருத்தங்களும் நிரலிலே நிலைபெறுகின்றன. உதவித்தொகையோ தெரிவானவருக்கே உரியது. மேலும், பயின்று தேறிய நிரலாளர் படையொன்று மென்பொருட் கைத்தொழில் முழுவதற்கும் ஆயத்தமாகின்றது. அதேவேளை, பொது உரிமத்தின் கீழ் எழுதப்பட்ட நிரல் எந்நிறுவனத்தின் தனியுடைமையாகவும் ஆகமாட்டாது. ஸ்கம்வீஎம், வெஸ்னோத் ஆகியன இவ்வுரிமத்தைக் கொண்டவை. கொடோவின் எம்ஐரி உரிமமோ, அந்நிரலை மூடிய விற்பனைப் பொருளிற் சேர்ப்பதற்கும் இடமளிக்கின்றது. தன் உழைப்பு எவ்வுரிமத்தின் கீழ்ச் செல்கின்றது என்பதை மாணவர் அறிந்திருத்தல் சட்ட நுணுக்கம் மாத்திரமன்று. தன் உழைப்பின் பயன் எங்கே சேர்கின்றது என்னும் அரசியல் அறிவுமாகும்.

உதவித்தொகையிலும் முரண்பாடு உண்டு. 2017 முதல் அது நாடுகளின் கொள்வனவுச் சக்திக்கேற்ப வேறுபடுத்தப்பட்டது. 2022 இல் 350 மணித்தியாலத் திட்டமொன்றுக்கு நாட்டுக்கு நாடு 3,000 முதல் 6,600 டொலர் வரை வழங்கப்பட்டது. ஒரே நிரலின் இரு பகுதிகளை ஒரே காலத்திலே எழுதும் இரு மாணவருள் ஒருவர் மற்றவரின் பாதித் தொகையைப் பெறலாம். உழைப்பு உலகளாவியது, அதன் மதிப்போ நாட்டெல்லைக்குட்பட்டது.

6

இலங்கைக்கு இவ்விடயத்தில் தனியிடமுண்டு. இத்திட்டத்தின் முதற் பத்தாண்டுகளில் தெரிவான மாணவர் தொகையிலே உலகப் பல்கலைக்கழகங்களுள் மொறட்டுவைப் பல்கலைக்கழகமே முதலிடம் பெற்றது. இது தனிமனித மேதைமையால் நிகழ்ந்ததன்று. 2003 இல் தொடங்கிய லங்கா மென்பொருள் மன்றமும், 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையின் பின் அனர்த்த முகாமைத்துவத்துக்கெனத் தொண்டர்களால் ஆக்கப்பட்ட ‘சஹானா’வும் திறந்த மூல மரபொன்றை இங்கு தோற்றுவித்திருந்தன. அம்மரபு மூத்த மாணவரிடமிருந்து இளையவருக்குக் கைமாறியமையே வெற்றியின் அடிப்படையென நாம் கருதுகின்றோம்.

ஆயின் அக்கைமாற்றம் ஒரு வட்டத்தைத் தாண்டி எவ்வளவு தூரம் சென்றது? ‘கோடைகாலம்’ என்னும் சொல்லே வட அரைக்கோளப் பல்கலைக்கழகங்களின் நாட்காட்டியைச் சார்ந்தது. நமது தவணைகளும் பரீட்சைகளும் அதற்கிசைய அமைவதில்லை. விண்ணப்பமும் விவாதமும் ஆங்கிலத்திலே நிகழ்கின்றன. ஊதியம் வருமுன் உழைப்பு வேண்டப்படுவதால், மாலைநேர வகுப்பெடுத்துக் குடும்பத்தைத் தாங்கும் மாணவர் அத்தொடக்க நேரத்தை எங்கிருந்து பெறுவார்? 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியது; அதனையடுத்து ஏப்பிரலிலேயே அவ்வாண்டுக்கான விண்ணப்பக் காலம் வந்தது. ரூபாவின் பெறுமதி வீழ்ந்த அவ்வாண்டிலே, குறைந்தபட்சத் தொகையாகிய 3,000 டொலரைக் கொண்டு கணக்கிடினும் பத்து இலட்சம் ரூபாவுக்கு மேல் வரும். அதாவது, தேவை மிகுந்திருந்த வேளையிலேயே வாயில் மிகக் குறுகியிருந்தது. எல்லோருக்கும் திறந்த மூலம் எனினும், அதனை அணுகும் பொருளாதார நிலைமைகள் எல்லோருக்கும் திறந்தனவல்ல.

7

எனவே செய்யற்பாலது யாது? விண்ணப்பத்தைத் தனிமனித முயற்சியாகக் கருதும் மனப்பாங்கு முதலில் நீங்கவேண்டும். மொறட்டுவை அனுபவம் காட்டுவது போன்று, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பேராதனையிலும் மாணவர் குழுக்கள் ஆண்டு முழுவதும் ஒரு விளையாட்டின் நிரலை வாரந்தோறும் கூடிப் படிக்கலாம். கணினியும் இணைப்பும் இல்லாத மாணவருக்குப் பல்கலைக்கழக ஆய்வுகூடம் மாலையிலும் திறந்திருக்கவேண்டுமெனக் கூட்டாகக் கோரலாம். முன்னர் ஏற்கப்பட்ட, ஏற்கப்படாத விண்ணப்பங்கள் இரண்டையும் எழுதியோரின் இசைவுடன் சேகரித்து ஆராயலாம். நிரலாக்க விளக்கங்களைத் தமிழிலே எழுதலாம். விளையாட்டுக்களைத் தமிழாக்குவதும் நல்ல நுழைவாயிலே. ஆயின் தமிழ் மாணவரின் இடம் மொழிபெயர்ப்போடு முடிந்துவிடுமாயின், பிறர் ஆக்கிய பொறிக்குச் சொல் வழங்குவோராகவே நாம் எஞ்சுவோம்.

கலித்தொகை அச்சேறியபோது அது சிலரது வீட்டுப் பெட்டகத்திலிருந்து பலரது கைக்கு வந்தது. ஆயினும் எழுத்தறிவு பரவிய பின்னரே அது மெய்யாகப் பொதுச் சொத்தாயிற்று. மூல நிரலும் அவ்வாறே. அது வெளியிடப்பட்டிருப்பது முதற்படி மாத்திரமே. அதனைப் படிக்கவும் திருத்தவும் வேண்டிய நேரமும் பயிற்சியும் கருவியும் சாதாரண மாணவருக்குக் கிட்டுவதே அடுத்த படி. அப்படியைக் கட்டுவது எந்நிறுவனத்தின் உதவித்தொகையாலும் முற்றாக நிறைவேறுவதன்று. அது பல்கலைக்கழகச் சமூகத்தின் கூட்டுப் பொறுப்பாகும்.