கயிறு காட்டிக்கொடுக்கும்!

கலைத் திருவிழா வந்துவிட்டால் பள்ளிக்கூடங்களில் ஒரே பரபரப்புத்தான். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய இப்போட்டிகள் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடைபெறுகின்றன. செங்கற்பட்டு மாவட்டத்தில் திருப்போரூரும் ஒரு வட்டாரம். குழு நடனத்துக்குப் பிள்ளைகளைப் பொறுக்கும்போதுதான் சங்கடம். நன்றாக ஆடும் சிறுமிக்கு முன்வரிசை. தடுமாறுகிறவளுக்குப் பின்வரிசை, இல்லாவிட்டால் வேடிக்கை பார்க்கும் வரிசை!

பின்னல் கோலாட்டத்தில் இந்தப் பாகுபாடு செல்லாது. அதில் வட்டந்தான் உண்டு, வரிசை ஏது? உச்சியிலிருந்து தொங்கும் வண்ணக் கயிறு ஒரு கையில். கோல் மறு கையில். பாதிப் பேர் வலமாகவும் பாதிப் பேர் இடமாகவும் நகர்ந்து, எதிரே வருபவரை ஒரு முறை உட்புறமாகவும் மறுமுறை வெளிப்புறமாகவும் கடக்க வேண்டும். கயிறுகள் சடைபோல் பின்னிக்கொண்டே வரும். வந்த வழியே திரும்பி ஆடினால் பிரிந்துவிடும். ஒரு குழந்தை வராவிட்டால் ஜோடி குறைந்து இன்னொன்றும் நிற்க நேரும்.

ஆசிரியை அதட்ட வேண்டியதில்லை. யார் தவறிப் புகுந்தாலும் பிரிக்கும்போது முடிச்சு சொல்லிவிடும். அந்தக் குழந்தை சரியான பக்கம் வரும்வரை கெட்டிக்காரப் பிள்ளைகளும் காத்து நிற்கத்தான் வேண்டும். தொடக்கத்தில் கோலும் வேண்டாம், பாட்டும் வேண்டாம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழக்கினாலே போதும்.