திரும்பி வருவதும் துணிவுதான்

ரொறன்ரோவில் அக்கா வீட்டில் நின்றபோது, பெறாமகள் என்னை ‘ஜியோகாஷிங்’ விளையாட அழைத்திருந்தாள். யாரோ மறைத்துவைத்த பெட்டியை ஜி.பி.எஸ். உதவியுடன் தேடிக் கண்டுபிடித்து, உள்ளிருக்கும் தாளில் பெயர் எழுதிவரும் விளையாட்டு இது. 2000 மே மாதம் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் தொடங்கியது.

அன்று குளிர் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை. காற்று மணிக்கு 30 கிலோமீற்றர். வாசலிலேயே அவள் நின்றுவிட்டாள்.

“போரையே கண்ட எங்களுக்குக் குளிர் என்ன?” என்றேன்.

“காற்றோடு சேர்த்தால் உடம்புக்கு அது மைனஸ் 33 சித்தி. மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். பெயர் எழுதக் கையுறை கழற்ற வேணும். பெட்டி நாளைக்கும் இருக்கும், விரல்?”

சகோதரிகளே, தாங்கியே பழகிய நாம், ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லவும் பழகுவோம்.