பார்த்த படத்திற்கு மட்டும் காசு

மட்டாஞ்சேரி ஜூ டவுனில், சுக்கும் ஏலமும் மணக்கும் பண்டசாலைகளுக்குப் பின்னால் எங்கள் குடியிருப்பு. சென்ற ஆண்டு என் தாயார் 'பாசமலர்' படத்தை மீண்டும் ஒருமுறை பார்க்க விரும்பினார்கள். கைப்பேசி வழியே படங்காட்டும் நிறுவனமொன்றிற்கு மாதச் சந்தா கட்டி அன்றிரவே காட்டினேன். தாயார் கண் கலங்கினார்கள். நானும் மனநிறைவோடு உறங்கினேன். சந்தாவோ உறங்கவில்லை. அடுத்த 7 மாதமும் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டே இருந்ததை, அவர்களுடைய மருந்துச் செலவிற்குக் கணக்குப் பார்த்தபோதுதான் கண்டேன்.

"ஏண்டா, ஆலுவாய்க்கு ஒரு தரம் போயிட்டு வர எவனாவது சீசன் டிக்கெட் எடுப்பானா?" என்று தாயார் கேட்டார்கள். சீட்டு விற்றே பிழைக்கும் ரயில்வே குமாஸ்தாவாகிய என்னிடம் அதற்கு விடையில்லை.

ஒரு படத்திற்கு ஒரு சீட்டு என்னும் ஏற்பாடு இயலாததன்று. நம் பாட்டனார் காலத்திலேயே அது நடந்திருக்கிறது. 1951 ஜனவரியில் அமெரிக்காவின் சிகாகோ நகரில், ஜெனித் நிறுவனம் 300 குடும்பங்களைக் கொண்டு 90 நாள் சோதனையொன்றை நடத்திற்று. 'போன்விஷன்' என்பது அதன் பெயர். படம் குலைந்த நிலையில் வானொலி அலைகளில் வரும். அதைத் தெளிவாக்கும் குறிப்பொலி மட்டும் தொலைபேசிக் கம்பியில் வரும். படம் வேண்டுவோர் தொலைபேசியில் சொன்னால் போதும், திரை தெளியும். 1 டாலர் கணக்கில் ஏறும். புதிய படங்களைத் தர ஹாலிவுட் முதலாளிகள் தயங்கியதால் பழைய படங்களே ஓடின.

என்னைப் பெரிதும் கவர்ந்தது மற்றொன்று. கனடாவில் டொரன்டோ நகரையடுத்த எட்டோபிகோக்கில் 1960 பிப்ரவரியில் தொடங்கிய 'டெலிமீட்டர்' முறையே அது. தொலைக்காட்சியோடு ஓர் உண்டியற் பெட்டி இணைந்திருக்கும். காசு போட்டால் படம் தெரியும். பெட்டிக்குள் ஒரு காந்தநாடா, எந்தப் படத்திற்காகக் காசு விழுந்தது என்பதைப் பதிந்துகொள்ளும். டிக்கெட் பரிசோதகரின் ரசீதுப் புத்தகத்தில் அடிக்கட்டை இருப்பதைப் போன்றதே இது. உண்டியலைத் திறப்பவர் காசை எண்ணினால் மட்டும் போதாது. அது யாருக்குச் சேர வேண்டியது என்றும் தெரிய வேண்டுமல்லவா? 1965-இல் இத்திட்டம் நின்றுபோயிற்று.

இவ்விரண்டிலும் ஒரு குறை உண்டு. வண்டி புறப்படும் நேரத்திற்குப் பயணிதான் ஓடிவர வேண்டும். பயணி வந்த பின் வண்டி புறப்படுவதற்கான வழியை 1989-இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட ஒரு காப்புரிமை விவரித்தது: பார்ப்பவர் தேர்ந்த நிகழ்ச்சியை, அவர் கேட்ட வேளையில் அனுப்பும் முறை. 1992-இல் வந்த இன்னொன்று, படத்தைச் சுருக்கித் தொலைபேசிக் கம்பி வழியே அனுப்பி, வீட்டுக் கருவியில் சேமித்துப் பின்னர் காட்டும் முறையைச் சொன்னது. அதை வைத்திருந்த யு.எஸ்.ஏ. வீடியோ நிறுவனம், ஹாலிவுட் நிறுவனங்களுக்குச் சொந்தமான மூவிலிங்க் மீது 2003-இல் வழக்குத் தொடுத்துத் தோற்றது. முன்னதாக எண்ணியவருக்கே பலன் கிட்டும் என்று சொல்வதற்கில்லை.

திரையரங்குக்காரர்களின் எதிர்ப்போ எங்கும் ஒரே மாதிரியானது. கலிபோர்னியாவில் 1964-இல் அவர்கள் முன்னின்று பிரசாரம் செய்ய, கட்டணத் தொலைக்காட்சியைத் தடுக்கும்படி மக்கள் வாக்களித்தனர். 1966-இல் நீதிமன்றம் அத்தடையை நீக்கிற்று. நம்மவர் கமல்ஹாசன், 'விஸ்வரூபம்' படத்தை ரூ.1,000 கட்டணத்தில் வீட்டுத் தொலைக்காட்சியிலேயே முதலில் காட்ட முற்பட்டபோது தமிழ்நாட்டில் எழுந்த கிளர்ச்சி பலருக்கு நினைவிருக்கும். 2013-இல் படம் திரையரங்கிற்கே முதலில் சென்றது. ஆயிரம் ரூபாய் எங்கள் தெருவில் சிறிய தொகையன்று. ஆயினும் பத்துப் பேர் கூடிப் பார்த்தால் தலைக்கு நூறுதானே என்று நாங்கள் அன்று கணக்குப் போட்டோம்.

நாம் வாழும் கேரளத்தில், 2024 மார்ச் 7-இல் மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 'சி ஸ்பேஸ்' என்னும் தளத்தைத் தொடங்கிற்று. மாதச் சந்தா இல்லை, படமொன்றிற்கு ரூ.75, அதில் பாதி படத்தைத் தந்தவருக்கு. தொடக்கத்தில் வைத்தவை 42 படங்கள். உண்டியற் பெட்டியின் நியாயம் இதில் இருக்கிறது. திரையரங்குகளில் ஓடி முடிந்த படங்களையே வைப்பதாகச் சொன்னதால், பழைய சண்டைக்கும் இடமில்லை.

இச்செய்தியைத் தாயாரிடம் சொன்னேன். "நம்ம படம் அதுல எத்தனை வச்சிருக்கான்?" என்றார்கள். மலையாளப் படங்களுக்காகத் தொடங்கியதம்மா என்றேன். தமிழுக்கும் இப்படியொன்று அமைந்தால், ஊரைவிட்டு வந்த நம் வீட்டுப் பெரியோர் எவ்வளவு மகிழ்வர்!

என் பிழையையும் மறைக்கலாகாது. தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி. எனக்கும் மாதந்தோறும் வந்திருக்கிறது. ஆங்கிலக் குறுஞ்செய்தி, ஏதோ விளம்பரம் என்று திறவாமலே விட்டேன். இப்போது சந்தாவை நிறுத்திவிட்டேன். பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் கைப்பேசியைப் பார்த்ததில், அவருக்கும் இரண்டு சந்தாக்கள் ஓடிக்கொண்டிருந்தன.